உடைந்தால் மாற்றிவிடு

பாலம் இடிந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கொத்தனார் தன் சட்டையைத் தானே அடையாளம் காட்டினார்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் நீலம். நீலத்தில் பொத்தான் கிடைக்காமல் அந்த வெள்ளையைத் தைத்து வைத்தது அவர் மனைவி.

"உங்க சட்டையா?" என்று பதிவேட்டோடு நின்ற ஊழியர் கேட்டார்.

"ஆமா."

"அப்போ இது யாரு?"

"என் மச்சினன். சம்சாரத்தோட தம்பி."

ஊழியர் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அவரும் மூன்று நாளாகக் கண்ணை மூடவில்லை. முப்பத்து நான்கு பேருக்கு எழுதியாக வேண்டும். கொத்தனார் உடைந்துபோவார் என்று பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அழுகை வரவில்லை. நாற்காலி போட்ட மனுஷன் முகம் வாடக் கூடாதே என்று சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார்.

மச்சினன் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டினவன். ஊரே அவனை ரொட்டி என்றுதான் கூப்பிடும். கல்யாணம் காட்சி இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா வீடே கதி. வாய் ஓயாது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவன் வண்டி தெற்குப் பாலத்தின் நடுவில் இருந்தது. நடுப்பாலம் அப்படியே ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. ஒரு பஸ், இரண்டு லாரி, ஏழெட்டு ஸ்கூட்டர், ஒரு ரொட்டி வண்டி.

இனி கொத்தனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை நகராது. சாலைத் துறையில் பராமரிப்புப் பிரிவில் பத்தொன்பது வருஷ வேலை அவருக்கு. வீடு கட்டுகிற கொத்தனார் இல்லை, ஒட்டுப்போடுகிற கொத்தனார். பெயர்ந்ததைப் பூசுவது, உடைந்த நடைபாதையைச் சரிக்கட்டுவது. அதோடு கண்ணாடி வேலை. பாலத்தின் தூணிலோ பக்கச் சுவரிலோ விரிசல் இருந்தால், அதன் குறுக்கே விரலகலத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனையையும் வெள்ளை சிமெண்டால் ஒட்ட வேண்டும். தெற்குப் பாலம், வடக்குப் பாலம் இரண்டுமே ஒரே வருஷத்தில் ஒரே ஆட்கள் கட்டியவை. இரண்டிலும் சேர்த்துப் பதினாறு கண்ணாடி. மாதம் ஒரு தரம் ஏறிப் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். படிவத்தில் ஒரே கேள்விதான்: கண்ணாடிகள் முழுமையாக உள்ளனவா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர், ஓய்வு பெறுகிற அவசரத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்: "ஒடைஞ்சிருந்தா மாத்திடு. அவ்வளவுதான்."

கொத்தனார் மாற்றினார். கண்ணும் கருத்துமாக மாற்றினார். மாற்றிவிட்டு 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டார். அதில் பொய் எதுவும் இல்லை. டிக் போட்ட நேரத்தில் கண்ணாடி முழுதாகத்தான் இருந்தது. முதல் பத்து வருஷத்தில் ஒன்றோ இரண்டோ உடைந்தது. எவனாவது கல்லை விட்டெறிந்திருப்பான் என்று நினைத்தார். பிறகு வருஷத்துக்கு ஒன்று, போன வருஷம் மாதத்துக்கு ஒன்று. மட்டமான கண்ணாடியை வாங்கித் தலையில் கட்டுகிறார்கள் என்று ஸ்டோர்காரரோடு சண்டை பிடித்தார். கொஞ்சம் தடிமனாகக் கொடு, உடையாது என்றுகூடக் கேட்டிருக்கிறார். யோசித்துப் பாருங்கள்.

அந்த ஸ்டோரில் ஒரு வழக்கம். பழையதைக் காட்டினால்தான் புதியது கொடுப்பார்கள். அதனால் கழற்றின ஒவ்வொரு துண்டிலும் எந்தப் பாலம், என்ன தேதி என்று பெயிண்டால் எழுதி வைப்பார். வடக்குக்கு 'வ', தெற்குக்கு 'தெ'. ஸ்டோர்காரருக்கு அலுத்துப்போய், காட்ட வேண்டாம் என்று எப்போதோ சொல்லிவிட்டார். கொத்தனார் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆற்றங்கரையில் போட்டால் யார் காலையாவது கிழிக்கும் என்று எல்லாத் துண்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, வேலைச் சாமான் பைக்குள் வைத்திருந்தார்.

பாலம் விழுவதற்கு எட்டு நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, தெற்குப் பாலத்தில் மறுபடி ஒன்று உடைந்திருந்தது. ஏணி பிடிக்கிற ஆள் அன்றைக்கு லீவு. அந்த வழியாக வந்த ரொட்டி, தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "நான் பிடிக்கிறேன் மாமா, ஏறுங்க" என்று வந்து நின்றான். மேலிருந்து வெள்ளை சிமெண்ட் ஒரு குத்து அவன் தோளில் விழுந்து கைவரைக்கும் வழிந்தது. அதை அவன் கண்டுகொள்ளவில்லை.

"ஏன் மாமா, போன மாசம்தானே இதையே ஒட்டினீங்க? அதுக்குள்ள ஏன் ஒடையுது?" என்று கேட்டான்.

கொத்தனார் மேலிருந்து ஒரு பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது அவருக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. ரொட்டி சிரித்துவிட்டு ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது அக்கா கேட்டாள்: "சட்டையில என்னடா?"

"எங்கயோ செவுத்துல உரசிட்டேன்க்கா." வேலை நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஏணி பிடித்தான் என்று தெரிந்தால் அவள் காது கிழியத் திட்டுவாள். கொத்தனாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் தன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாமாவின் நீலக் கட்டத்தை மாட்டிக்கொண்டு போனான். அதைத் திருப்பித் தரவே இல்லை. அவனுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து ஐந்தாம் நாள், வீடு நிறைய துக்கம் விசாரிக்க வந்தவர்கள். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை, பார்க்கவும் யாருக்கும் மனமில்லை. அதில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஒரு கண்ணாடிப் பட்டையைத் தூக்கிக் காட்டினார். கொத்தனார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இது உடைஞ்சா விரிசல் நகருதுன்னு அர்த்தம். அன்னிக்கே மேல சொல்லி பாலத்தை மூடணும். இந்தக் கண்ணாடியோட வேலையே உடையறதுதான்" என்றார் பேராசிரியர்.

கொத்தனார் தண்ணீரை முழுக்கக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுபடி எடுத்து மறுபடி கழுவினார். தலைக்குள் ஒன்றுமே ஓடவில்லை. காலடியில் தரை இருக்கிறதா என்று மட்டும் ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

முன்னறையில் அவர் மனைவி வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகையெல்லாம் வற்றிப்போன குரல். "யாருக்காவது தெரிஞ்சிருக்கும். அவ்வளவு பெரிய பாலம், ஒருத்தருக்குக்கூடவா தெரியாம இருந்திருக்கும்? அந்த ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா என் தம்பி இருந்திருப்பான்." வந்தவர்கள் தலையாட்டினார்கள். கொத்தனாரும் கதவருகில் நின்று தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

ஊர் தலைகீழாகிவிட்டது. விழுந்த பாலத்தின் கம்பி வேலி முழுக்கப் படங்களும் பூவும் மெழுகுவர்த்தியும். வாய்க்கால் மேல் இருக்கிற பத்தடிப் பாலத்துக்கு முன்னால்கூட பஸ் நின்றுவிடும். பயணிகள் இறங்கி ஒவ்வொருவராக நடந்து கடப்பார்கள், டிரைவர் தனியாகக் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வருவார், அந்தப் பக்கத்தில் எல்லாரும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். டிரைவர் உயிர் உயிரில்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஆள் இல்லை, தண்டவாளத்தைத் தாண்டுகிறவர்களைப் போலீஸ் விரட்டிக்கொண்டிருந்தது. துணிக்கடை மாடிப்படி ஆடுகிறது என்று ஒரு வதந்தி கிளம்பி, அந்தக் கடையும் காற்று வாங்கியது.

தெற்குப் பாலம் விழுந்த அன்றைக்கே வடக்குப் பாலத்தையும் மூடிவிட்டார்கள். அதனால் ஊர் இரண்டு துண்டாகக் கிடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் இருபது மைல் சுற்றினார்கள். மூடினாலும் திட்டு, திறந்தாலும் பயம். வெளியூரிலிருந்து ஒரு எஞ்சினியரம்மாவை வரவழைத்தார்கள். நல்ல மாதிரி, அதிகம் பேச மாட்டார். பதினெட்டு நாள் பார்த்தார். பார்த்ததில் அவருக்கு மிகவும் பலமாகப் பட்டது கொத்தனாரின் படிவங்கள்தான். பத்தொன்பது வருஷப் படிவம், ஒன்றில்கூட 'இல்லை' கிடையாது. போய்ப் பார்த்தால் கண்ணாடியும் முழுசு. வண்டியே போகாத பாலத்தில் கண்ணாடி எப்படி உடையும்? ஆனால் உடைந்ததையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. பாலம் உறுதியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

இருபத்தோராம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குத் திறப்பு. ஜனங்களின் பயம் தெளிய வேண்டும் என்று மேலே யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் கையில் படத்தோடு முதலில் நடந்து கடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பஸ், லாரி எல்லாம் வரிசையாக வரும். கடிதம் வீட்டுக்கு வந்தது. "நான் போறேங்க. அவன் படத்தைத் தூக்கிட்டு முன்னாடி நான்தான் நடப்பேன்" என்றாள் மனைவி.

கொத்தனார் நேராகச் சூப்பர்வைசரிடம் போனார். அலுவலக அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஓட்டைப் பூட்டு. கொத்தனார் டப்பாவை மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னார். சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உனக்கு மூளை கீளை குழம்பிடுச்சா? உன் வீட்டுலயே ஒரு உசுரு போயிருக்கு. அந்தத் துக்கத்துல என்னென்னமோ தோணும்."

"வடக்குலயும் ஒம்பது ஒடைஞ்சிருக்கு சார். கடைசியா ஒடைஞ்சது அந்தப் பாலம் விழறதுக்கு ஏழு நாள் முன்னாடி."

"படிவத்துல டிக் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்போ யாரு உள்ள போவாங்க?" சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "முப்பத்து நாலு குடும்பம்யா. வெளிய தெரிஞ்சா உன்னைக் கண்டந்துண்டமா வெட்டிப் போட்டுருவாங்க. உன் சம்சாரமே மொத ஆளா வரும். பேசாம அந்த டப்பாவை ஆத்துல போட்டுட்டு வேலையைப் பாரு. இத்தனை வருஷம் நின்ன பாலம் நாளைக்கா விழப்போகுது?"

தெற்குப் பாலமும் அத்தனை வருஷம் நின்றதுதான். கொத்தனார் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று சாயங்காலம் மனைவி கொல்லைப்புறக் கல்லில் உட்கார்ந்து தம்பி விட்டுப்போன சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அதை மடித்துப் படத்தோடு கையில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். தோளில் இருந்த வெள்ளை போகவில்லை. நூலோடு நூலாக இறுகிக்கிடந்தது. "எந்தச் செவுத்துல போய் உரசினானோ" என்றாள். கொத்தனார் வாசற்படியில் நின்றார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றார். "விடு, அது போகாது" என்றார். அவள் விடவில்லை. இருட்டும் வரைக்கும் தேய்த்தாள்.

மறுநாள் வடக்குப் பாலத்தின் முகப்பில் ஊரே கூடிவிட்டது. ஆனால் சத்தமே இல்லை. இத்தனை கூட்டம் இவ்வளவு அமைதியாக நின்று யாரும் பார்த்ததில்லை. குடும்பங்கள் முதல் வரிசையில். கல்லூரிப் பெண் ஒருத்தியின் படத்தோடு அவள் அப்பா. தாய், தகப்பன் இருவர் படத்தையும் ஒரே சட்டத்தில் போட்டுத் தூக்கிக்கொண்டு அக்கா தங்கை இரண்டு பேர். கொத்தனாரின் மனைவி நடுவில், மடித்த சட்டையின் மேல் படத்தை வைத்துப் பிடித்திருந்தாள். கொத்தனார் சிப்பந்தி என்பதால் அவரை எஞ்சினியரம்மா பக்கம் நிறுத்தியிருந்தார்கள். தோளில் வேலைப் பை. பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது.

பாலத்தின் தொடக்கத்துப் பக்கச் சுவரில், மார்பு உயரத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. எஞ்சினியரம்மா பத்திரிகைக்காரர்களுக்கு அதைக் காட்டினார். "விரிசல் கொஞ்சம் நகர்ந்தாலும் இது உடைஞ்சிடும். பத்தொன்பது வருஷமா இங்க ஒரு கண்ணாடிகூட உடையலை. இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்" என்றார். கேமராக்கள் நெருங்கி வந்தன. முதல் வரிசையில் அந்தப் பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். தடுப்பைத் தூக்க ஒரு போலீஸ்காரர் போனார்.

கொத்தனார் மனைவியின் கால்களைப் பார்த்தார். பழைய செருப்பு. இடது காலை ஒரு அடி முன்னால் எடுத்து வைத்திருந்தாள்.

"அம்மா, அது புதுசு" என்றார்.

எஞ்சினியரம்மா திரும்பினார். "எது?"

"இந்தக் கண்ணாடி. நான் மாத்தினது."

"எப்போ?"

"அந்தப் பாலம் விழறதுக்கு ஏழு நாள் முன்னாடி."

"ஏன் மாத்தினீங்க?"

"ஒடைஞ்சிருந்தது."

கொத்தனார் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். 'வ' போட்ட துண்டுகளைப் பொறுக்கிக் கைப்பிடிச் சுவரின் மேல் தேதி வாரியாக அடுக்கினார். ஒன்பது. முதல் இரண்டுக்கும் நடுவில் நாலு வருஷம். கடைசி இரண்டுக்கும் நடுவில் நாற்பது நாள். எஞ்சினியரம்மா கடைசித் துண்டைத் தொட்டார்.

"யாரும் பாலத்துல கால் வைக்காதீங்க" என்றார். கத்தவில்லை. ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. போலீஸ்காரர் தூக்கிய தடுப்பை மறுபடி இறக்கினார். சூப்பர்வைசர் மெல்ல நழுவி ஜீப் பக்கம் போவதைச் சிலர் பார்த்தார்கள்.

"டப்பாவுல இன்னும் இருக்கே. அது எங்கே எடுத்தது?" என்று எஞ்சினியரம்மா கேட்டார்.

"தெற்குப் பாலத்துல." கொத்தனார் குரல் அவருக்கே எங்கிருந்தோ கேட்டது. "பதினாலு. ஒடைஞ்சா சொல்லணும்னு எனக்குத் தெரியாது. மாத்தணும்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. நல்லா மாத்தினேன்."

முதல் வரிசை அப்படியே நின்றது. அடிக்க வருவார்கள் என்றுதான் நினைத்தார். யாரும் வரவில்லை. அந்த அப்பா கும்பிட்ட கையை இன்னும் இறக்காமல், "என்ன பதினாலு? என்ன சொல்றாரு?" என்று பக்கத்தில் கேட்டார்.

கொத்தனாரின் மனைவி வரிசையை விட்டு வந்தாள். படத்தையும் சட்டையையும் இடது கையில் அணைத்துக்கொண்டு, டப்பாவுக்குள் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடந்த துண்டை எடுத்தாள். 'தெ' என்று அவர் கையெழுத்து, கீழே தேதி. முனையில் வெள்ளை சிமெண்ட் ஒட்டியிருந்தது. அதைக் கட்டை விரலால் தேய்த்தாள். பிறகு சட்டையின் தோளைத் தேய்த்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை" என்றாள்.

"ஆமா."

"செவுத்துல உரசினேன்னு சொன்னான்."

"இல்ல. என் ஏணியைப் பிடிச்சான். நீ திட்டுவேன்னு சொல்லலை."

கூட்டத்தில் ஒரு குழந்தை இருமியது.

"அவன் ஒண்ணும் கேக்கலையா? எதையும் கேக்காம விடமாட்டானே அவன்."

"கேட்டான். இது ஏன் இப்படி ஒடையுதுன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கொத்தனாருக்கு அப்போதும் அழுகை வரவில்லை. வந்திருந்தால் பேச முடியாது என்று ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

"'கண்ணாடின்னா ஒடையத்தான் செய்யும், நீ ஏணியைப் பிடி'ன்னு சொன்னேன்."

அவள் தலையாட்டினாள், வேறு யாரோ சொன்ன எதையோ கேட்டுக்கொண்டவள் மாதிரி. அந்தத் துண்டைத் திரும்ப டப்பாவில் போடவில்லை. சட்டையோடும் படத்தோடும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாலத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டம் விட்ட வழியில் நடந்தாள். கையைக் கிழித்துவிடும், பார்த்துப் பிடி என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.